மெயிலில் தேட தண்டர்பேர்டா, அவுட்லுக்கா: திரைவாசிப்பான் பயனரின் ஒப்பீடு

பழைய மெயில் ஒன்றைத் தேடும்போது திரையைப் பார்ப்பவருக்குப் பட்டியல் சுருங்குவது கண்ணிலேயே தெரிந்துவிடும். என்விடிஏ, ஜாஸ் மாதிரி திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துக் காதால் வேலை செய்பவருக்கு அது தெரியாது. அதனால் தேடல் எவ்வளவு வேகம் என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. தேடச் சொன்ன பிறகு ஃபோகஸ், அதாவது அடுத்து தட்டும் விசை போய்ச் சேரும் இடம், எங்கே நிற்கிறது, முடிவுகளுக்குள் போக எத்தனை முறை விசை தட்ட வேண்டும், தேடலைக் கலைத்துவிட்டுப் பழைய பட்டியலுக்குத் திரும்புவது சுலபமா, இவைதான் எனக்கு முக்கியம்.

தண்டர்பேர்டு என்ற மெயில் செயலியில் தேட மூன்று வழிகள் உண்டு, மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் பலர் குழம்புகிறார்கள்.

முதலாவது விரைவு வடிகட்டி. கண்ட்ரோல் + ஷிஃப்ட் + கே தட்டினால் அதன் பெட்டிக்குப் போகும், சொல்லைத் தட்டத் தட்ட அந்த ஃபோல்டரின் பட்டியலே குறைந்துகொண்டு வரும். அப்புறம் எஃப்6 தட்டித் தட்டிப் பட்டியலுக்கு வந்தால் போதும், வழக்கம்போல அம்புக்குறியால் படிக்கலாம். புது ஜன்னலும் இல்லை, புது டேபும் இல்லை என்பதால் நாம் எங்கே இருக்கிறோம் என்ற சந்தேகமே வராது. சொல்லைத் தட்டியதும் அனுப்பியவர், பெறுநர், தலைப்பு, உள்ளடக்கம் என்று நான்கு பொத்தான்கள் வரும், டேப் விசை தட்டிப் போய் எது அழுத்தப்பட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம். தமிழில் தேடுபவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி: சொல்லின் ஒரு பகுதி பொருந்தினாலே எடுத்துக் கொடுக்கும். 'கடித' என்று மட்டும் தட்டினால் கடிதம், கடிதத்தை, கடிதத்தில் எல்லாமே வந்துவிடும். வேற்றுமை உருபு எது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேலை முடிந்ததும் பெட்டிக்குத் திரும்பி எஸ்கேப் தட்டி வடிகட்டியைக் கலைத்துவிடுங்கள். அது அப்படியே இருந்தால், புதிதாக வந்த மெயில்கள் காணாமல் போனதுபோலத் தோன்றும், காரணத்தைச் சொல்லும் குரல் எதுவும் வராது.

இரண்டாவது, கண்ட்ரோல் + கே தட்டி எல்லா ஃபோல்டரிலும் தேடுவது. முடிவுகள் தனி டேபில், இணையப் பக்கம் மாதிரி வரும், பக்கவாட்டில் வடிகட்டும் தேர்வுகள் வேறு. காதால் கேட்பவருக்கு இது களைப்பான இடம். அந்தப் பக்கத்தில் முடிவுகளைப் பட்டியலாகக் காட்டும் லிங்க் ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் சரி, வழக்கமான பட்டியல் திறந்துவிடும். ஆனால் தினமும் அதைத் தேடிப் பிடிப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூன்றாவது கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப். தனி ஜன்னல், அதில் நிபந்தனைகளை வரிசையாகப் போடலாம்: தலைப்பில் இந்தச் சொல், இந்தத் தேதிக்கு முன்னால் வந்தது என்று. டேப் விசையை நிறைய தட்ட வேண்டியிருக்கும், ஆனால் எல்லாம் ஒழுங்கான வரிசையில் வரும். பல வருடம் பழைய மெயிலுக்கு நான் இதைத்தான் நம்புகிறேன். அடிக்கடி தேடுவதைத் தேடல் ஃபோல்டராகச் சேமிக்கவும் முடியும்.

மைக்ரோசாஃப்டின் மெயில் செயலியான அவுட்லுக்கின் பழைய டெஸ்க்டாப் பதிப்பு வேறு போக்கில் போகிறது. கண்ட்ரோல் + ஈ அல்லது எஃப்3 தட்டினால் ஒரே பெட்டி, அதற்குள்ளேயே நிபந்தனையையும் தட்டலாம். ஃப்ரம் என்று ஆங்கிலத்தில் தட்டி, கோலன் வைத்து, பெயரைச் சேர்த்தால் அவர் அனுப்பியவை மட்டும் வரும். ஹேஸ்அட்டாச்மென்ட்ஸ் என்று இடைவெளி இல்லாமல் தட்டி, கோலன், யெஸ் என்றால் கோப்பு இணைத்த மெயில்கள். விசைப்பலகையிலேயே வாழ்பவருக்கு இதைவிட நேரான வழி கிடையாது, இந்த ஒரு விஷயத்தில் தண்டர்பேர்டு பின்தங்கித்தான் நிற்கிறது. தேடும் எல்லையை எல்லா மெயிலுக்கும் விரிக்க கண்ட்ரோல் + ஆல்ட் + ஏ, கலைக்க எஸ்கேப். என்டர் தட்டிய பிறகு பட்டியலுக்கு டேப் தட்டித்தான் போக வேண்டும், வழியில் வேறு பொத்தான்களும் குறுக்கே வரலாம், பொறுமை வேண்டும். இன்னொன்று, முடிவுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் ஒரு தேர்வு அமைப்புகளில் உண்டு. தேடியது வரவில்லை என்றால் முதலில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள். புதிய அவுட்லுக் உள்ளுக்குள் இணையச் செயலி, பழையதில் பழகிய விசைகள் எல்லாம் அதில் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே ஃபோல்டருக்குள் நாள் முழுக்கத் தேடுபவர் தண்டர்பேர்டின் விரைவு வடிகட்டியை எடுத்துக்கொள்ளலாம். யார், எப்போது, இணைத்த கோப்பு உண்டா என்று நினைவு வைத்துத் தேடுபவருக்கு அவுட்லுக். தண்டர்பேர்டுதான் என்றால் அட்டைக் காட்சியை விட்டுவிட்டு அட்டவணைக் காட்சிக்கு மாறி, தேவையில்லாத நெடுவரிசைகளை நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் கேட்க வேண்டிய பேச்சு குறையும், இருபது முடிவுகளை வேகமாகத் தாண்டிப் போகும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.