நிலைக்கு தேக்கு எடுத்த மரக்கடை – நல்லதும் சொல்றேன் குறையும் சொல்றேன்

திருநகர்ல அண்ணன் வீடு கட்டுறாரு, வாசல் நிலையும் கதவும் தேக்குலதான் வேணும்னு அண்ணி கறாரா சொல்லிட்டாங்க, நான் டேராடூன் எஃப்ஆர்ஐல (வன ஆராய்ச்சி நிறுவனம்) மர அறிவியல் எம்எஸ்சி முடிச்சவன்ங்கறதால கடை பாக்குற வேலை என் தலைல விழுந்துச்சு. கடைசியா எடுத்தது பைபாஸ் ரோட்டுப் பக்கம் மரம் அறுக்குற மில்லோட சேந்த ஒரு பெரிய மரக்கடைல. குறையும் எழுதப்போறதால பேர் போடல.

உள்ள போனதும் எனக்குப் பிடிச்சுப்போனது அடுக்கு. பலகைக்குப் பலகை ஒரே கனத்துல குச்சி குடுத்து, குச்சி எல்லாம் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே நேர்ல நிக்குது. குச்சி முன்னப்பின்ன இருந்தா காயும்போதே பலகை கோணிக்கும், அது தெரிஞ்சவய்ங்க அடுக்குனது. சொந்தமா சீசனிங் சேம்பரும், அதாவது மரத்தைக் காயவைக்கிற அறையும் இருக்கு.

காயவைக்கிறதைப் பத்தியே ஏன் பேசுறேன்னா, மரத்துல ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழ இறங்குன பிறகுதான் சுருங்கவே ஆரம்பிக்கும், அதுவரைக்கும் வெளிய போறது செல்லுக்குள்ள சும்மா நிக்குற தண்ணிதான். அதனால பச்சை மரத்தைக் காட்டி "பாருங்க சார் ஒரு வெடிப்பு இல்ல"ன்னு சொன்னா நம்பாதீங்க, நம்ம ஊரு சித்திரை வெயில் ஒண்ணு தாண்டட்டும், கதவு சந்துல விரலே போகும். அதுலயும் மரத்தோட வருஷ வளையம் ஓடுற திசைல சுருக்கம், நடுவுலேர்ந்து வெளிய போற திசையை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதான் பலகை ஒரு பக்கமா கிண்ணம் மாதிரி குழியுது.

இப்ப குறை. ஓனர் நிலைச் சட்டத்து மேல ஈரம் பாக்குற மீட்டரைக் குத்தி 12 சதவீதம் காட்டுச்சு பாருங்கன்னாரு. அந்த ஊசி மேலாப்புலதான் இறங்கும். "அண்ணே, முனைலேர்ந்து ஒரு அடி தள்ளி அறுங்க"ன்னேன். அறுத்த முகத்துல நடுவுல குத்துனா 19. அவரு மூஞ்சி கொஞ்சம் மாறிருச்சு, ஆனா சண்டை போடல, "கனமான சட்டம் தம்பி, உள்ள காய நாளாகும், இன்னொரு லோடு கூட சேம்பர்ல விட்டுத் தர்றேன்"னாரு. விட்டும் குடுத்தாரு, என்ன, சொன்ன தேதிக்கு வரல, ஆசாரி வேற வேலைக்குப் போயிட்டாரு, அண்ணி என்னைத்தான் பேசுனாங்க.

இன்னொண்ணு வெள்ளை, அதாவது மரத்தோட வெளிப்பக்கத்து வெளுத்த பகுதி. ஓரத்துல வெளுத்த மரம் இருந்த பலகைக்கும் அதே ரேட்டுதான் பில்லு. தேக்குக்குக் கறையான் தின்னாதுங்கற பேரு வாங்கிக் குடுத்தது உள்பக்கத்து வைரம், வெள்ளைக்கு அந்தப் பேரு கிடையாது, பாலிஷ் போட்டா ஒரே கலராயிரும் அப்புறம் யாருக்குத் தெரியும். கேட்டா மாத்திக் குடுக்குறாங்க, கேக்காதவங்களுக்கு?

பர்மா தேக்கு, கானா தேக்குன்னு ரேட்டு ஏத்தி இறக்கி சொல்றாங்க. ரெண்டும் ஒரே இனம்தான், காட்டுல நின்னு வளந்ததா தோட்டத்துல சீக்கிரமா வளந்ததாங்கறதுதான் பேச்சு. பிளேடால முனையைச் சீவிட்டு லென்ஸ் வச்சுப் பாத்தா தேக்குல வளையம் நல்லாத் தெரியும், வருஷத்தை எண்ணிக்கலாம். நான் எண்ணுறப்ப மில்லுல வேலை பாக்குற அண்ணன் "மரத்துக்கெல்லாம் எம்எஸ்சியா தம்பி"ன்னு சிரிச்சாரு, அப்புறம் அவரே பையனுக்கு மேட்டுப்பாளையம் பாரஸ்ட்ரி காலேஜைப் பத்தி விசாரிச்சாரு.

அறுக்காம முழுத் தடியா வாங்குறவங்களுக்கு: சுத்தளவை நாலா வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால பெருக்குவாங்க. அப்படி வர்ற கன அடி நெசமா இருக்குற மரத்துல 78.5 சதவீதம்தான், அறுக்குறப்ப போற சேதாரத்துக்கு விட்ட கழிவு அது, ஏமாத்து இல்ல. ஆனா டேப்பை எங்க சுத்துறாங்கன்னு பக்கத்துல நின்னு பாருங்க.

ரேட்டு மத்த கடைய விட கொஞ்சம் கூடத்தான். சேம்பருக்காகக் குடுக்கலாம். அஞ்சுக்கு மூணரை. அறுத்துக் காட்ட மாட்டேன்னு சொன்னா அங்க மரம் எடுக்காதீங்க, டெலிவரி தேதியை பில்லுலயே எழுதி வாங்கிக்கங்க.