இரும்புப் பெட்டியைத் துளைப்பதற்கு முன் பூட்டு ஆசாரியைப் பாருங்கள்

வீட்டில் பழைய லண்டன் இரும்புப் பெட்டி இருந்து, அது திறக்காமல் அடம்பிடித்தால், காஸ் கட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடாதீர்கள். காரைக்குடி கொப்புடையம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு சந்துக்குள் பூட்டு ஆசாரி கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. சந்து முனைப் பெட்டிக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள். பூட்டு வேலையில் இவருக்கு இணையாக இந்த வட்டாரத்தில் இன்னொருவரை என்னால் சொல்ல முடியாது.

எங்கள் வீடு பள்ளத்தூரில், பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீடு. இரண்டாம் கட்டு அறையில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு இரும்புப் பெட்டி நிற்கிறது. பாட்டையா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போன காலத்தில் வாங்கியது. கதவில் பித்தளைத் தகடு: சப் அண்ட் சன், 57, செயின்ட் பால்ஸ் சர்ச்யார்ட், லண்டன். கீழே, மாட்சிமை தங்கிய மகாராணிக்குப் பெட்டி செய்து கொடுப்பவர்கள் என்ற வரி. அதனால் விக்டோரியா மகாராணி மறைந்த 1901க்கு முந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம்.

முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்காக வெள்ளிச் சாமான்களை எடுக்கப் போனபோது சாவி திரும்பவில்லை. போன படைப்புக்கு ஒழுங்காகத் திறந்த அதே சாவிதான். வெளியூரிலிருந்து வந்த ஒரு மெக்கானிக், கதவில் துளை போட்டால்தான் ஆகும் என்றார். பங்காளிகளில் பாதிப் பேர் தலையசைத்துவிட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. வங்கியில் பெட்டக அறைச் சாவியை இன்னொரு அதிகாரியோடு பங்கிட்டுக்கொண்டு பல வருடம் வேலை பார்த்தவன் நான். துளைத்த பெட்டியை அதற்குப் பிறகு யாரும் நம்பிப் பொருள் வைக்க மாட்டார்கள்.

ஆசாரி வந்தார். பையைத் திறக்கவே இல்லை. சாவித் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இந்தச் சாவியைத் தவிர வேறு சாவி எதையாவது யாராவது போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் என் தம்பி மகன், கொத்திலிருந்த வேறொரு சாவியைப் போட்டுத் திருப்பியதாக மெதுவாகச் சொன்னான். ஆசாரி சரியான சாவியை உள்ளே விட்டு, திறக்கும் பக்கம் திருப்பாமல், பூட்டும் பக்கமாகச் சற்றே திருப்பினார். 'டிக்' என்று ஒரு சிறு சத்தம். பிறகு வழக்கம்போலத் திருப்பினார். கதவு திறந்தது.

பிறகு அந்தப் பூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கடைக்கு எடுத்துப் போனார். உட்புறத்தை எனக்குக் காட்டினார். லீவர்கள் என்ற பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு. சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய லீவரைக் குறிப்பிட்ட உயரத்துக்குத்தான் தூக்க வேண்டும். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தாழ்ப்பாள் நகராது. பக்கவாட்டில் ஒரு சிறிய கொக்கி, அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங். தப்பான சாவி ஏதாவது ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் அந்தக் கொக்கி அதைக் கவ்விக்கொள்ளும். அதன் பிறகு சொந்தச் சாவியும் திறக்காது. உரியவர் வந்து திறக்கப் பார்க்கும்போதே, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பூட்டு காட்டிக்கொடுத்துவிடும். எதிர்ப்பக்கம் திருப்பினால் கொக்கி விட்டுவிடும். ஒரு விரலால் லீவரைத் தூக்கிக் கவ்வ வைத்து, சாவியால் விடுவித்து, மறுபடி என்னையே செய்து பார்க்கச் சொன்னார்.

இந்தப் பூட்டுக்கு 1818இல் காப்புரிமை வாங்கியவர் ஜெரமையா சப். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் 1817இல் கள்ளச்சாவி போட்டுத் திருட்டு நடந்தது. தன் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டு வேண்டும் என்று அரசாங்கம் போட்டி அறிவித்தது. அங்கே கைதிக் கப்பலில் பூட்டுத் தொழில் தெரிந்த ஒரு குற்றவாளி இருந்தான். திறந்தால் மன்னிப்பு என்று அரசாங்கமும், 100 பவுண்டு என்று சப்பும் சொல்லியும், மாதக்கணக்கில் முயன்று கைவிட்டான். பூட்டுகள் வுல்வர்ஹாம்ப்டனில் செய்யப்பட்டன. கடை மட்டும் லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்கு எதிரே. பணக்காரர்கள் நடமாடும் இடத்தில்தானே பெட்டி விற்க முடியும்.

ஆசாரி கடையின் பெரிய சொத்து அவருடைய சுவர். பழைய இரும்புக்குப் போன பெட்டிகளிலிருந்து கழற்றிய பித்தளைத் தகடுகளைத் துடைத்து வரிசையாக அடித்து வைத்திருக்கிறார். சீப்சைடு, குயின் விக்டோரியா தெரு, பிக்காடிலி என்று விலாசங்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலிருந்து விலைக்குக் கேட்கிறார்களாம், கொடுக்கவில்லை. நான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அத்தனையையும் படித்தேன். லண்டன் எப்படிப் பணக்கார ஊர் ஆனது என்பது அந்தத் தெருக்களில்தான் இருக்கிறது.

முதலில் லண்டன் வியாபாரிகள் தங்கத்தை லண்டன் கோட்டையிலிருந்த நாணயச் சாலையில் வைத்திருந்தார்கள். 1640இல் முதலாம் சார்லஸ் மன்னர் அதில் கை வைத்தார். அன்றோடு நம்பிக்கை போய், லொம்பார்டு தெரு, சீப்சைடு பொற்கொல்லர்களிடம் தங்கத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அந்தச் சீட்டு கைமாறிக் கைமாறிப் பணமாகவே நடந்தது. இரண்டாம் சார்லஸ் 1672இல் கடனைத் திருப்பித் தராமல் நிறுத்தியபோது பொற்கொல்லர்கள் பலர் நொடித்தார்கள். பிறகு 1694இல் இங்கிலாந்து வங்கி பிறந்தது. அரசாங்கத்துக்கு 12 லட்சம் பவுண்டு கடன், வட்டி 8 சதவீதம். வட்டிக் கணக்கில் பிறந்து வளர்ந்த நம் செட்டியார்கள் இந்த வரலாற்றைக் கட்டாயம் படிக்க வேண்டும். அரசனே கை வைத்த ஊரில், பொருளைப் பாதுகாத்து வைப்பது பெரிய வியாபாரம் ஆகாமல் என்ன செய்யும்?

பிக்காடிலித் தகடு பிராமா கம்பெனியுடையது. 124ஆம் எண் கடையின் ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) பரிசு என்று 1790இலிருந்து எழுதி வைத்திருந்தார்கள். 1851இல் ஹைட் பார்க்கில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. அங்கே கோஹினூர் வைரம் இருந்த கூண்டைச் செய்ததே சப் கம்பெனிதான். அதே கோடையில் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் என்பவர், வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு கதவிலிருந்த சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு பிராமா பூட்டை எடுத்துக்கொண்டு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்து பரிசை வாங்கினார். லண்டன் பத்திரிகைகள் கலங்கிப்போயின. சப் தன் பூட்டைத் திருத்தியது. ஹாப்ஸோ லண்டனிலேயே தங்கிச் சீப்சைடில் பூட்டுக் கம்பெனி தொடங்கிவிட்டார். சுவரிலிருக்கும் சீப்சைடு தகடு அவருடையதுதான். இதை நான் சொன்னபோது ஆசாரி அந்தத் தகட்டைக் கழற்றி, பிராமா தகட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

பெட்டிக் கதவுகள் ஏன் இடுக்கே இல்லாமல் இத்தனை இறுக்கமாகப் பொருந்துகின்றன என்று ஆசாரியிடம் கேட்டிருந்தேன். அதற்கும் லண்டனில் காரணம் இருக்கிறது. 1865இல் கார்ன்ஹில் தெரு நகைக்கடை ஒன்றில் இரவெல்லாம் விளக்கு எரியும். ரோந்து போலீஸ் எட்டிப் பார்க்க ஷட்டரில் துளை. அப்படியிருந்தும் ஒரு வார இறுதியில் திருடர்கள் கதவு இடுக்கில் ஆப்பு அடித்துப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆப்பு நுழையாத கதவு செய்வதே பெட்டிக்காரர்களின் போட்டி ஆனது. எங்கள் பெட்டிக் கதவின் விளிம்பில் ஆசாரி நகத்தை வைத்துக் காட்டினார். நகமும் நுழையவில்லை.

ரங்கூனில் லண்டன் வங்கிக் கிளைகளிடம் கடன் எடுத்து, அதை வயலுக்குக் கடனாகக் கொடுத்தவர்கள் நம்முடைய செட்டியார்கள். பெட்டியும் அந்தப் பணம் வந்த வழியில்தான் வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆசாரி போனை எடுப்பது அபூர்வம். நேரில்தான் போக வேண்டும். அமாவாசையன்று கடை கிடையாது. புதுச் சாவி என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அரத்தால் கையிலேயே ராவுகிறார். ரசீது கேட்டால் கணக்குத் தாளில் எழுதித் தருவார். பொதுப் பெட்டிக்கு மாற்றுச் சாவி வேண்டுமென்றால் எல்லாப் பங்காளிகளும் அவருடைய நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார் என்றாலும் விடமாட்டார். எங்கள் வீட்டிலேயே இதற்கு முணுமுணுத்தார்கள். என்னைக் கேட்டால், அவரிடம் போவதற்கு அந்த நோட்டு ஒன்றே போதுமான காரணம்.

வீட்டுக்கு வந்து பார்க்க 500 ரூபாய், ஆட்டோ வாடகை தனி. பூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட எங்களிடம் 1,800 வாங்கினார். சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், லீவரில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். பென்சில் கரித்தூள் போதும் என்கிறார். போகும்போது பெட்டியின் தகட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் சாவிகள் அத்தனையையும் கொண்டு போங்கள். எது எந்தப் பூட்டுக்கு என்று அவரே பிரித்துக் கொடுப்பார், அதற்குக் காசு வாங்குவதில்லை.