ஏ9இல் இருந்து உள்ளே இறங்கினால்

ஒன்பது வருசத்துக்குப் பிறகு ஊருக்குப் போனேன். கொழும்புக் கோட்டையில் யாழ்தேவி ரயில் ஏறி கிளிநொச்சியில் இறக்கம். ஆசனம் பதிவு செய்வது சுகமாக இருந்தது, ரயிலும் பெரிதாகத் தாமதிக்கவில்லை. போருக்குப் பிறகு யாழ்ப்பாணம் வரை ரயில் திரும்பவும் ஓடியது 2014 ஒக்டோபரில். தண்டவாளம் போட்டது இந்தியக் கடனில், இந்தியக் கம்பெனி. கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியைப் போட்டது சீனக் கடனில், சீனக் கம்பெனி. கடன் தருகிற நாடு கொந்தராத்தையும் தன் ஆட்களுக்கே எடுத்துக் கொடுக்கும். திருப்பிக் கட்டுவது மட்டும் இங்கத்தைய சனம். சரி, வீதி நல்ல வீதிதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

குறை தொடங்குவது ஏ9இல் இருந்து உள்ளே இறங்கியதும். மாமி வீட்டு ஒழுங்கைக்கு இரண்டு வருசத்துக்கு முதல் கொங்கிரீட் போட்டார்களாம். ஓட்டோக்காரத் தம்பி வேகத்தைக் குறைத்து, "அண்ணை, பிடிச்சுக்கொண்டு இருங்கோ" என்றார். ஓரமெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது, செருப்பால் தட்டினால் மணல் கொட்டுகிறது. அதில் வேலை செய்த மேசன் மாமியின் அயல்தான். கொழும்பில் ஒருவர் எடுத்த கொந்தராத்து, உப கொந்தராத்தாக இன்னொருவருக்குப் போய், அவரிடமிருந்து மூன்றாவது ஆளுக்கு வந்ததாம். கைமாறின ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சீமெந்து குறைந்திருக்கிறது. பெயர்ப்பலகை மட்டும் அசையாமல் நிற்கிறது.

மாமியின் வீடு வேறு கதை. போரில் வீடிழந்த சனத்துக்கு இந்தியா கொடுத்த வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது, ஐந்தரை இலட்சம் ரூபாய். காசு கட்டங்கட்டமாக வங்கிக் கணக்குக்கு வரும், கட்டுவது அவரவர் பாடு. மாமி ஒரு பழைய கொப்பியை எடுத்துக் காட்டினார். சீமெந்து எத்தனை பை, கம்பி எவ்வளவு, மேசனின் நாள்கூலி, தேத்தண்ணிக்கு வாங்கின சீனி வரை எழுதியிருக்கிறார். அத்திவாரத்துக் கலவையில் மணல் கூடுகிறது என்று கண்டதும், புடைத்துக்கொண்டிருந்த சுளகோடு போய் முன்னால் நின்றாராம். சுவரில் ஒரு வெடிப்பு இல்லை.

ஆனால் அந்தக் காசு கூரையோடு முடிந்துவிட்டது. கதவு, யன்னலுக்கு வட்டிக்கு எடுத்தார். சண்டை முடிந்த கையோடு ஏ9 நெடுக முளைத்த, கடன் கொடுக்கிற லீசிங் கம்பெனிகளின் போர்டுகள் ஆரை நம்பி வந்தன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீடு கட்டினதை விட அந்தக் கடனைக் கட்டத்தான் கூடக் காலம் போனதாம்.

பேச்சு 2016இல் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்த இரும்பு வீட்டுத் திட்டத்துக்குத் திரும்பியது. 65,000 வீடு, ஒன்று ஏறக்குறைய 21 இலட்சம், முழுவதும் ஒரு பன்னாட்டு உருக்குக் கம்பெனிக்கு. அந்த நேரம் அரசாங்கம் கல்வீட்டுக்குக் கொடுத்தது 8 இலட்சம். அத்திவாரம் போதாது, எங்கள் வெயிலுக்குச் சரிவராது என்று பொறியியலாளர்களே எதிர்த்தார்கள். திட்டம் நின்று போனது. படத்தில் அந்த வீட்டைப் பார்த்த மாமி கேட்டது ஒன்றுதான்: "விறகடுப்பை எங்க வைக்கிறது?"

திரும்பி வரும்போது ஓட்டோ கொங்கிரீட்டில் ஏறவில்லை. வயலோரக் கிரவல் பாதையால் விட்டார் தம்பி. அதுதான் குலுக்காதாம்.