ஹாரன் வேலைக்கு நம்பிப் போகலாம்: சேலம் கோரிமேடு பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை

ஹாரன் அடிக்கவில்லை என்று வண்டியைக் கொண்டுபோனால் இந்தக் கடைக்காரர் முதலில் எதையும் கழற்றுவதில்லை. சாவியைப் போடச் சொல்லி, ஸ்டியரிங்கில் ஹாரனை அழுத்தச் சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் காதைக் கொடுத்துக் கேட்கிறார். அந்த ஒரு பழக்கத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஏற்காட்டில், நாகலூர் பக்கம் இருக்கிறோம். மிளகும் காப்பிக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு சேலம் லீ பஜாருக்கு இறங்குகிற வண்டி எங்களுடையது. அடிவாரம் போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவுகள். பனி மூடும் மாதங்களில் எதிரே ஏறி வருகிற பஸ்ஸின் விளக்குகூட வளைவுக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். அதற்கு இரண்டு பேருக்கும் முன்கூட்டியே சத்தம் கேட்க வேண்டும். ஊருக்குள் ஹாரன் இல்லாமல் எப்படியோ சமாளித்துவிடலாம். மலையில் முடியவே முடியாது.

எங்கள் வண்டியில் ஹாரன் நின்றுபோனதும் முதலில் காட்டிய வேறொரு இடத்தில், ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் போய்விட்டது, ஆறாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பானெட்டைத் திறக்கவே இல்லை. கேட்டவுடன் விலை சொல்கிறார்கள், காரணம் சொல்வதில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

இந்தக் கடைக்கார அண்ணன் காரணத்திலிருந்து ஆரம்பித்தார். "அக்கா, நீங்க அழுத்தும்போது ரிலே டிக்குனு அடிக்குது, கேக்குதுங்களா? அப்ப ஸ்விட்ச், ஸ்டியரிங் வயரிங் எல்லாம் நல்லா இருக்குதுங்க." ரிலே என்பது நாம் அழுத்தியதும் ஹாரனுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சின்னப் பெட்டி. கிளாக் ஸ்பிரிங் என்பது ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயர் அறுந்துவிடாமல் இருக்கச் சுருட்டி வைத்த நாடா போன்ற கேபிள். ஏர்பேக்குக்கும் அதே வழியாகத்தான் கரண்ட் போகிறது. அது அறுந்தால் பெரும்பாலும் மீட்டரில் ஏர்பேக் விளக்கும் எரியும், எங்கள் வண்டியில் எரியவில்லை என்று அதையும் காட்டினார்.

ரிலே சத்தம் வந்தால் மட்டும் போதாதாம். உள்ளே பாயின்ட் கருகியிருந்தாலும் டிக் என்ற சத்தம் வரும், கரண்ட் தாண்டாது. அதனால் பியூஸைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் ஹாரனுக்கு வருகிற வயரைக் கழற்றி டெஸ்ட் லேம்ப் வைத்தார். அழுத்தினேன், பளிச்சென்று எரிந்தது. ஆக, ஹாரன் வாசல் வரைக்கும் கரண்ட் வருகிறது. வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து ஹாரனின் இரும்பு உடம்பில் வைத்து, "இப்ப அடிங்க" என்றார். பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அடித்தது.

எர்த் இல்லை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக வழி இல்லை, அவ்வளவுதான். எங்கள் வண்டியில் ஹாரனுக்கு ஒரே வயர்தான், எர்த் அந்த பிராக்கெட் வழியாக பாடிக்குப் போக வேண்டும். போன வருடம் முன் பம்பர் நசுங்கி டிங்கரிங், பெயின்டிங் பார்த்திருந்தோம். பிராக்கெட்டுக்கும் சேர்த்து பெயின்ட் அடித்து அப்படியே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். போல்ட் மரையில் பிடித்த கொஞ்ச இரும்பில் இத்தனை நாள் ஓடியிருக்கிறது, மலைப் பனியில் துரு ஏறியதும் அதுவும் போய்விட்டது. இரண்டு ஹாரனும் அதே பிராக்கெட்டில் தொங்குவதால் இரண்டும் சேர்ந்து நின்றன. இரண்டும் ஒரே நாளில் ஊமையானால் ஹாரனைச் சந்தேகப்படாமல் இரண்டுக்கும் பொதுவான இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதை மலையில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெயின்ட்டை எமரி பேப்பரால் இரும்பு தெரிகிற வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். ஒரு ஹாரன் கரகரத்தது. அதில் இருக்கிற சின்ன ஸ்குரூவைக் கொஞ்சமாகத் திருப்பியதும் தெளிந்துவிட்டது. கோயம்புத்தூர் ரூட்ஸ் ஹாரன் பெட்டிகள் கடை அலமாரியிலேயே அடுக்கியிருக்கின்றன. புதுசு ஒரு செட் போட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தால் நானும் சரியென்று வாங்கியிருப்பேன். அவர் சொல்லவில்லை. மொத்தம் 250 ரூபாய்.

நான் நிற்கும்போதே ஒரு பையன் பைக்கில் வந்து ஏர் ஹாரன் கேட்டான். சட்டத்திலேயே கூடாது, போட மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அந்தச் சத்தம் வளைவில் எதிரே வருகிறவரைத் திடுக்கிட வைக்கும்.

குறைகளும் உண்டு. உட்கார ஒரு பெஞ்ச் கிடையாது, நிழலும் இல்லை, வெயிலில் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். வண்டியைச் சாலையோரத்தில்தான் விட வேண்டும். போன் அடித்தால் எடுப்பதில்லை. பில் நாமாகக் கேட்டால்தான் தருவார், அதையும் பாகம் தனி, கூலி தனி என்று பிரித்து எழுதித் தந்தால் நன்றாக இருக்கும்.

வேறு எங்காவது காட்டுகிறவர்களுக்கு: ரிலே சத்தம் வருகிறதா என்று பார்க்காமல் ஸ்டியரிங்கைக் கழற்ற விடாதீர்கள். கழற்றத்தான் வேண்டும் என்றால் உள்ளே ஏர்பேக் இருக்கிறது, முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு சில நிமிடம் கழித்துத்தான் கை வைக்க வேண்டும். இந்தக் கடைக்கு வருவதானால் காலையில் கடை திறக்கிற நேரத்துக்கே வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஆட்டோக்காரர்கள் வரிசை கட்டிவிடுகிறார்கள், அப்புறம் மதியம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.