வேலூர் வெயிலில் மாடிப் படிப்பறை: சில கோடைகளைப் பார்த்த பிறகு

அலுவலகத்தில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவரின் மகன் சென்னை ஐஐடியின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறான். என் மகளும் அதே படிப்பில்தான் இருக்கிறாள். "அக்கா, உங்க வீட்ல மாதிரியே மாடி ரூம்ல டேபிள் போட்டுக் குடுத்துடலாமா?" என்று கேட்டார். அவர் வீடு காட்பாடி காந்தி நகரில், எங்களுடையது சத்துவாச்சாரியில். வெயில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மேசை 2020-ல் பள்ளிகள் மூடியிருந்தபோது ஆசாரியை வைத்துச் செய்தது. நாலடிக்கு இரண்டடி ப்ளைவுட், மேலே மேட் மைக்கா. பளபளக்கும் மைக்கா வேண்டாம். டியூப் லைட் அதில் பட்டுக் கண்ணில் அடிக்கும். உயரம் வழக்கமான இரண்டரை அடி. அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, கால் தரைக்கு எட்டவில்லை, அதனால் கீழே ஒரு பலகை அடித்துப் போட்டோம். ஜன்னல் மேசைக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. எதிரே இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் விழும். நாற்காலிக்கு வலை முதுகு, வியர்வை ஒட்டாது. இவை எல்லாம் இன்றுவரை எந்தக் குறையும் வைக்கவில்லை.

ரவுட்டருக்கென்று வாங்கிய குட்டி யூபிஎஸ் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், கரண்ட் போய் அது எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில் ரவுட்டர் அணைந்து விடும். மறுபடி எழுந்து இணைப்பு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் வகுப்பில் கேள்வி நேரம் முடிந்துவிடும். இந்தப் பெட்டி அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து கொள்கிறது, விளக்கு சிமிட்டினாலும் இணைப்பு அறுவதில்லை. வாங்கும்போது உங்கள் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து, சொருகும் பின் முனையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் கொடுப்பதாக வாங்க வேண்டும். ஒன்று மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை.

சரி, இப்போது அறைக்கு வருகிறேன்.

மேலே கான்கிரீட் தளம், மேற்கே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். சென்னைக்காரர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று என்று ஒன்று உண்டு. நமக்குக் கடலும் எட்டாது, சுற்றி நிற்பதெல்லாம் பாறை மலை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. ஆனால் என்னை எரிச்சல்படுத்துவது பகல் வெயில் அல்ல. பகலில் அவள் கீழே ஹாலில் பதிவு வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஆசிரியரோடு பேசுகிற நேரடி வகுப்புகள் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். அந்த நேரத்தில்தான் இந்த அறை உச்சத்தில் இருக்கிறது. மத்தியானம் முழுக்க மேற்குச் சுவர் குடித்த சூடு செங்கலைக் கடந்து உள்பக்கம் வர மணிக்கணக்காகிறது. அடுப்பை அணைத்த பிறகும் சுடுகிற தோசைக்கல்தான் அந்தச் சுவர். வெளியே தெருவில் காற்று இதமாக வீச ஆரம்பித்திருக்கும், உள்ளே பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கோடிங் எழுதிக்கொண்டிருப்பாள். ஃபேனைப் போட்டால் தளத்தின் சூட்டைத்தான் தலையில் இறக்குகிறது. லேப்டாப்பும் தன் பங்குக்குச் சூடாகி வேகம் குறைகிறது. அதன் அடியில் காற்றுப் போக ஸ்டாண்ட் வைத்தது ஓரளவு உதவியது.

மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். தளத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, அதை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். சுவருக்கு அது என்ன செய்யும்? ஏர் கூலர் வைத்தோம். நம் ஊர்க் கோடை வறண்ட வெயில், ஈரம் சீக்கிரம் காய்ந்து காற்றைக் குளிர்விக்கும், ஆகவே சென்னையைவிட இங்கே கூலர் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்தச் சத்தம்! மைக்கை ஆன் செய்தால் ஆசிரியருக்கு இரைச்சல்தான் கேட்கிறது. பதில் தெரிந்தும் அவள் வாயைத் திறக்காமல் சாட்டில் தட்டச்சு செய்கிறாள். சந்தேகம் கேட்கத்தானே நேரடி வகுப்பு? எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

உருப்படியாக உதவியது வெளியே கட்டிய நிழல்தான். உள்ளே தடித்த திரை போடுவதில் பெரிய பயன் இல்லை, கண்ணாடி வழியாக வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு அடி இடைவெளி விட்டுப் பச்சை நிழல் வலையும், ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டியும் கட்டினோம். தட்டியில் தண்ணீர் தெளித்தால் வாசனையோடு காற்று வருகிறது, அதற்குச் சத்தம் கிடையாது. சுவர் சுடுவது குறைந்தது, நிற்கவில்லை. ஏசி போடலாமே என்பார்கள். கரண்ட் போனால் அதை எங்கள் இன்வெர்ட்டர் இழுக்காது.

நியாயமாகப் பார்த்தால் ஆடி தொடங்கி மாசி வரை வீட்டிலேயே நல்ல இடம் இந்த அறைதான். டிவி சத்தம் இல்லை, வருகிற போகிறவர்கள் இல்லை, கதவைச் சாத்தினால் தன் உலகம். முதல் கட்டத் தேர்வுகளை அவள் இங்கே உட்கார்ந்து படித்துத்தான் தாண்டினாள். கீழே வந்துவிடு என்றால் இன்றும் வர மறுக்கிறாள்.

ஆனாலும் இந்தக் கத்திரியில் என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன் தம்பி. கீழே வடக்குப் பக்கமாக ஒரு மூலை இருந்தால், நாலடி மேசை போகிற இடம் போதும், அங்கே போடுங்கள். மாடியை விட்டால் வேறு இடமே இல்லையென்றால், நாற்காலி, விளக்கு எல்லாம் அப்புறம். கையில் இருக்கும் முதல் பணத்தை மேற்குச் சுவருக்கு வெளியே நிழல் கட்டச் செலவழியுங்கள், அதுவும் பங்குனி பிறப்பதற்கு முன்பே.