எடுத்த தேதியைக் காட்டித் தரும் ரத்த வங்கி

என் மகளுக்கு பீட்டா தலசீமியா, உடம்பு போதுமான ரத்தத்தை உருவாக்காத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். சேலத்தில் நாங்கள் போகிற ரத்த வங்கியைப் பற்றி, புதிதாக இந்த அலைச்சலில் இறங்கியிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

எனக்கு இங்கே பிடித்த முதல் விஷயம், பாக்கெட்டைக் கொடுக்கும் முன் டெக்னீஷியன் லேபிளைத் திருப்பிக் காட்டுவது. "எடுத்த தேதியைப் பாத்துக்குங்கம்மா, இன்னையோட ஆறு நாள்." நாங்கள் கேட்காமலே சொல்வார். எஸ்ஏஜிஎம் என்ற, அணுக்களைக் கெடாமல் காக்கும் கரைசலில் வைத்த சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி குளிரில் 42 நாள் வரை வைக்கலாம். ஆனால் அந்தக் காலக்கெடுவை வைத்ததே, கடைசி நாளில் ஏற்றினாலும் 24 மணி நேரம் கழித்துச் சராசரியாக 75 சதவீத அணுக்களாவது உடம்பில் நிற்க வேண்டும் என்ற கணக்கில்தான். மீதி அழிந்தால் அதிலுள்ள இரும்பு உள்ளேயே தங்கும். ஒரு பாக்கெட்டில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு. அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை, இரும்பை வெளியேற்றும் டெஃபராசிராக்ஸ் போன்ற மருந்துதான் கதி. நிற்கிற அணு குறைந்தால் அடுத்து ரத்தம் ஏற்றும் நாளும் சீக்கிரம் வரும். அதனால்தான் தலசீமியா குழந்தைகளுக்கு இந்த வகைப் பாக்கெட் இரண்டு வாரத்துக்குள் எடுத்ததாக இருப்பது நல்லது என்கிறார்கள். இங்கே எங்கள் பிள்ளைகளுக்கென்று அப்படித் தனியாக எடுத்து வைக்கிறார்கள்.

அதே கவுண்டரில் ஆபரேஷன் நோயாளியின் உறவினர்கள், "பழசு வேண்டாம், இன்னைக்கு எடுத்ததே வேணும்" என்று சண்டை போடுவதைப் பார்க்கிறேன். அவர்களிடம் டாக்டர் பொறுமையாகப் பேசுவார். நாளாக ஆக பாக்கெட்டுக்குள் பொட்டாசியம் கசிவதும், ஆக்சிஜனை இறக்கிவிட உதவும் 2,3-டிபிஜி குறைவதும் உண்மை. ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு அது உயிர்ச்சேதமாக மாறவில்லை. 2016இல் வெளியான இன்ஃபார்ம் ஆய்வில் நான்கு நாடுகளில் 20,000 பேருக்கு மேல் புது ரத்தத்தையும் பழைய ரத்தத்தையும் ஒப்பிட்டும் இறப்பில் வித்தியாசமில்லை. உகாண்டாவின் முலாகோ மருத்துவமனையில் கடும் ரத்தசோகையோடு வந்த 290 குழந்தைகளிடமும் 25 முதல் 35 நாள் ரத்தம் புதியதற்குக் குறையாமல் வேலை செய்தது. அந்த உறவினர்களுக்குச் சொல்கிறேன், தயவுசெய்து நம்புங்கள். நீங்கள் அடம்பிடித்து வாங்கும் புதுப் பாக்கெட், வாழ்நாள் முழுக்க ஏற்றிக்கொள்ள வேண்டிய ஒரு குழந்தைக்குக் கிடைக்காமல் போகிறது. வேண்டாமென்று ஒதுக்கிய பாக்கெட்டோ தேதி முடிந்து வீணாகிறது.

குறையும் உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் போனை எடுக்க ஆளில்லை. கோடையில் கல்லூரி முகாம்கள் நின்றுவிடுவதால் மே மாதம் இருப்பு மோசம். போன மே மாதம் மூன்று வாரப் பாக்கெட்தான் கிடைத்தது. மறைக்காமல் முதலிலேயே சொன்னார்கள், டாக்டரிடம் கேட்டு ஏற்றிக்கொண்டோம். அரசு விதிப்படி தலசீமியாவுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. வெள்ளையணு நீக்கும் ஃபில்டர் மட்டும் சில சமயம் வெளியே வாங்க வேண்டியிருக்கிறது, அது கையைக் கடிக்கிறது.

போகிறவர்கள் இரண்டு நாள் முன்பே கிராஸ் மேட்ச் சாம்பிள் (ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்க) கொடுத்துவிடுங்கள். பழைய ரிப்போர்ட் ஃபைலை மறக்காதீர்கள். மே, ஜூனில் சொந்தக்காரர்களில் யாராவது முன்கூட்டியே வந்து ரத்தம் கொடுத்தால் அங்குள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும்.