எபிரெயம், கிரேக்கம், இறையியல்: பி.டி. முடித்துப் பல ஆண்டு கழித்து எழுதும் அனுபவம்

செராம்பூர் செனட் என்னும் இறையியல் பல்கலைக்கழக அமைப்பின் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) படிப்பை முடித்துச் சபை ஊழியத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இறையியல் கல்லூரியில் சேர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, அந்த ரெண்டு மொழியும் பிறகு எதுக்காவது உதவுதா?" பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயத்தையும் புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தையும்தான் சொல்கிறார்கள். உதவுகிறது. ஆனால் பலரும் எதிர்பார்க்கிற விதத்தில் இல்லை.

பிரசங்கத்தில் "மூலமொழியில் இப்படி இருக்கிறது" என்று சொல்ல இவ்வளவு பாடு தேவையே இல்லை. நல்ல விளக்கவுரை ஒன்று இருந்தால் போதும். மொழி படித்தவருக்குக் கிடைக்கும் பலன் வேறு. அவரால் வேதத்தை அவசரமாக வாசிக்க முடியாது. வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, யார் கைவழியாக நம்மிடம் வந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

புலம்பல் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெய எழுத்துகள் 22. 1, 2, 4 ஆகிய அதிகாரங்களில் வசனங்களும் 22. ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும், நம் ஆத்திசூடி போல. 3ஆம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66. 5ஆம் அதிகாரத்திலும் 22 வசனங்கள்தான், ஆனால் எழுத்து வரிசை இல்லை. எருசலேம் இடிந்து கிடப்பதைப் பார்த்து அழுகிறவர், அந்த அழுகையை நான்கு அதிகாரம் வரை அகரவரிசையில் கட்டிக்கொண்டே வருகிறார், ஐந்தாவதில் அது அவிழ்ந்துபோகிறது. தமிழ் வேதாகமத்தில் எண்ணிக்கை தெரியும், இந்தக் கட்டு தெரியாது. கொரோனா காலத்தில் அடக்க ஆராதனைகளுக்குப் போய்வந்த நாட்களில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது இந்த ஐந்து அதிகாரங்களைத்தான். துக்க வீட்டில் எங்கே பேசுவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதை அவை எனக்குக் கற்றுத் தந்தன.

இன்னொன்று, பிரதி வேறுபாடுகள், அதாவது பழைய கையெழுத்துப் பிரதிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும் இடங்கள். வகுப்பில் இந்தப் பாடம் தொடங்கும்போது விசுவாசம் ஆட்டங்காணுமோ என்று பயப்படுகிற மாணவர்கள் உண்டு. என் அனுபவம் நேரெதிர். சாக்கடலோரக் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளின் படங்களை இஸ்ரேல் அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் 40ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். புல் உலரும், பூ உதிரும் என்பது 7, 8 இரண்டு வசனங்களிலும் வருவதால், பிரதி எடுத்தவரின் கண் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிட்டது. இடையில் இருந்தது விடுபட்டுப்போக, பின்னால் வந்த வேறொரு கை அதை வரிகளுக்கு நடுவிலும் ஓரத்திலுமாக நெருக்கி எழுதிச் சேர்த்திருக்கிறது. தேவனுடைய நாமம் வரவேண்டிய இடத்தில், பயபக்தியோடு நான்கு புள்ளிகள் மட்டும். தேவ வசனம் என்றென்றைக்கும் நிற்கும் என்று சொல்கிற அதே இடத்தில், அதை விடாமல் காப்பாற்றிய ஒரு மனிதக் கை! அதைப் பார்த்தபின் பிரதி எடுத்தவர்கள் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

வேதாகம இறையியல் என்ற பாடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1787இல் ஜெர்மனியின் ஆல்ட்டார்ஃபில் இறையியலாளர் கேப்லர் ஆற்றிய உரைதான் வேதாகம இறையியலைச் சபைக் கோட்பாட்டிலிருந்து தனியே பிரித்துப் பார்க்க வழிசெய்தது என்று எல்லாரும் அங்கிருந்தே ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் நிலைத்த பாடம், ஒவ்வொரு புத்தகத்தையும் அதன் குரலிலேயே முதலில் பேசவிடுவது. அந்நிய ஜாதிப் பெண்களை அனுப்பிவிடச் சொல்லும் எஸ்றா புத்தகமும், மோவாபியப் பெண்ணைத் தாவீதின் வம்சத்தில் சேர்க்கும் ரூத் புத்தகமும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. ஒன்றைக் கொண்டு மற்றதை அடக்காமல் பிரசங்கிக்கப் பழகவே எனக்கு ஆண்டுக்கணக்கில் ஆனது.

குறைகளும் உண்டு. நான் படித்த இடத்தில் மொழிப் பாடம் தொடக்க ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். அதன்பின் யாரும் மூலத்தைத் திறக்கச் சொல்லவில்லை. வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டால் கதை முடிந்தது. நண்பர்கள் பலருக்கு அடுத்த ஆண்டே எழுத்துக் கூட்டி வாசிப்பதும் கஷ்டமாகிவிட்டது. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குச் சுமை இரட்டிப்பு, ஆங்கிலத்தின் வழியாக எபிரெயம் கற்க வேண்டும். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி போலத் தமிழில் கற்பிக்கும் இடங்களின் அருமை அப்போதுதான் புரியும். உண்மையில் கிரேக்க வேற்றுமைகள் தமிழ் இலக்கணம் படித்தவருக்குப் பழகிய சங்கதி. அதைச் சொல்லித் தொடங்கினாலே பாதிப் பயம் போய்விடும்.

புத்தக விஷயத்தில், ஸ்டுட்கார்ட் எபிரெய வேதாகமம் இன்றும் என் மேசையில் இருக்கிறது. லெனின்கிராட் சுவடி என்னும் பழைய எபிரெயக் கையெழுத்துப் பிரதியை அடிப்படையாகக் கொண்டது. எழுத்து சிறிது, தாள் மெல்லியது, அடிக்குறிப்பெல்லாம் லத்தீன் சுருக்கங்கள். முதல் ஆண்டில் மிரட்டும், பிறகு இல்லாமல் முடியாது. 1906இல் வந்த பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் அகராதி வேர்ச்சொல் வரிசையில் அமைந்தது. முன்னொட்டையும் பின்னொட்டையும் கழித்து வேரைக் கண்டுபிடித்த பிறகுதான் சொல்லையே தேட முடியும். தொடக்கத்தில் தலைவலி, ஆனால் மொழி மனதில் ஏறியது அந்தத் தேடலில்தான். கைபேசியில் ஸ்டெப் பைபிள் என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. சொல்லைத் தொட்டால் இலக்கணம் வந்துவிடும். ஊழியத்தில் நேரமில்லாத நாட்களுக்கு அது பெரிய உதவி. மாணவராக இருக்கும்வரை மட்டும் அதைக் கடைசியில் திறவுங்கள். முதலில் நீங்களே பிரித்துப் பார்த்துவிட்டு, பிறகு சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்தபின் மொழி கைவிட்டுப் போகாமல் இருக்க எனக்கு உதவியது, ஞாயிறு பிரசங்கப் பகுதியைத் திங்களன்றே மூலத்தில் சத்தமாக வாசிக்கும் பழக்கம். முழு அதிகாரம் வேண்டாம், நாலைந்து வசனம் போதும். தனியாகத் தொடங்குகிறவர்கள் எபிரெயத்தில் ரூத்தையும் கிரேக்கத்தில் 1 யோவானையும் எடுங்கள். இரண்டும் சிறியவை, நடையும் எளியது. கூட வாசிக்க ஒரு நண்பர் கிடைத்தால் விடாதீர்கள்.